மெருகிடப் பழகுவார்க்கு

புதிதாகச் செய்த அலுமாரி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால், பார்க்க வருவோர் யாவரும் ஒன்றையே செய்வர். கையை நீட்டி அதன் மேற்பரப்பைத் தடவுவர். முகம் பார்க்கலாம் போலிருக்கிறதே என்பர். கதவு சரியாகப் பொருந்துகின்றதா, இழுப்பறை தடையின்றி வருகின்றதா என்பனவெல்லாம் பின்னரே அவர் நினைவுக்கு வரும். தச்சர் பல நாள் அறுத்தும் இழைத்தும் பொருத்தியும் செய்த வேலைக்குக் கிடையாத பாராட்டு, கடைசியிலே வந்து மெருகிட்டவருக்கு ஒரு நொடியிற் கிடைத்துவிடுகின்றது. அதனாலேதான் போலும், மரவேலை பழகப் புகும் இளைஞர் பலர் மெருகு வேலையையே முதலிற் கேட்கின்றனர். அஃது எளிதென்றும் எண்ணுகின்றனர். ஒரு போத்தல், ஒரு துணி, சிறிது கைவீச்சு. இவற்றுக்குமேல் என்ன வேண்டும் என்பது அவர் கருத்து.

தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு இவ்விடயத்திலே பேச என்ன உரிமை என்று வாசகர் வினவுதல் கூடும். நியாயமான வினாவே. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரி நூல்நிலையத்து அலுமாரிகளையும் ஏட்டுப்பெட்டிகளையும் புதுப்பிக்கவேண்டி நேர்ந்தது. அறுபது வயதைக் கடந்த ஆசாரியார் ஒருவர், தொழில் பழகும் பொடியன் ஒருவனையும் உடனழைத்துக்கொண்டு வந்து, பின் விறாந்தையிலே ஆறு வாரம் தங்கி வேலை செய்தார். இலக்கண வகுப்பு முடிந்து ஓய்வு கிடைத்த பொழுதெல்லாம் யான் அவ்விடத்தே நின்றேன். நின்று பார்த்ததில் ஆசை மிகுந்தது. ஆவணி விடுமுறையிலே அவர் பட்டறைக்கே சென்று, அவர் இசைவுடன், என் கையையும் கறைப்படுத்திக்கொண்டேன். யான் தொழில்வல்லவன் அல்லன். ஆயினும் ஒரு தொழில் எவ்வாறு பழக்கப்படுகின்றது என்பதைக் கவனிப்பது முப்பது ஆண்டாக என் தொழிலாயிற்றே.

அங்கே முதலிற் கண்டது இது. மெருகு வேலையில் மெருகிடுதல் மிகச் சிறிய பகுதி. எஞ்சியதெல்லாம், ஒருவரும் பாராட்டாத, பார்த்தாலும் இன்னதென்று தெரியாத சின்னஞ்சிறு பழக்கங்கள். அப்பழக்கங்கள் கையோடு ஒட்டியவனுக்கு மெருகு தானே வருகின்றது. ஒட்டாதவனுக்கு எத்தனை போத்தல் அரக்கு வாங்கினாலும் வருவதில்லை.

தேய்த்தலை எடுத்துக்கொள்வோம். பாடநூல்கள் அரத்தாள் என்னும். பட்டறையில் எவரும் அச்சொல்லை அறியார், 'சான்ட் பேப்பர்' என்றே சொல்வர். அதன் முதுகிலே ஓர் இலக்கம் அச்சிட்டிருக்கும். இலக்கம் சிறிதாயின் மணல் பருமன், பெரிதாயின் நுண்மை. 80 இல் தொடங்கி 120, 180, 220 என்று படிப்படியாகப் போகவேண்டும். இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. 80 ஆம் இலக்கத் தாள் மரத்தைச் சமப்படுத்துகின்றது. சமப்படுத்தும்போதே தன் கீறல்களையும் விட்டுப்போகின்றது. 120 இன் வேலை, அக்கீறல்களை அழித்துத் தன் சிறு கீறல்களை வைப்பது. 180 இன் வேலை 120 இன் கீறல்களை அழிப்பது. இடையில் ஒரு படியைத் தாண்டினால், பருங்கீறல் நுண்டாளுக்கு அடங்காது நிற்கும். வெறும் மரத்திலே அது கண்ணுக்குத் தெரியாது. அரக்குப் பட்டவுடன், ஒளிந்திருந்தது வெளியே வருவதுபோல வந்து நிற்கும்.

இதற்கு ஆசாரியார் வைத்திருந்த உபாயம் ஒரு துண்டுப் பென்சில். ஒவ்வொரு தாளையும் எடுக்குமுன் பலகையின் குறுக்கே மெல்லிய கோடுகள் இழுப்பார். கோடுகள் முற்றாக அழியும்வரை அந்த இலக்கத்தை விடமாட்டார். அழிந்தபின் தூசியைத் துடைத்து, மீண்டும் கோடிட்டு, அடுத்த தாளை எடுப்பார். தேய்ப்பது எப்பொழுதும் மரத்தின் நார் ஓடும் திசையிலேதான். கையில் வெறுந்தாளைப் பிடிப்பதுமில்லை. ஒரு சிறு கட்டையிலே சுற்றியே பிடிப்பார். வெறுங்கையாற் பிடித்தால் விரல் அழுத்துமிடமெல்லாம் பள்ளமாகும். மெருகு ஏறியபின் அப்பள்ளம் நீரலைபோலத் தோன்றும். 220 முடிந்தபின் ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பார். நீர் பட்ட நார்கள் எழுந்து நிற்கும். அவை காய்ந்ததும், அழுத்தாமல், பழைய தாளாலே ஒரு தடவல். எழவேண்டியவை இப்பொழுதே எழுந்து முடிந்துவிட்டால், பின்னர் பூச்சின் நடுவே எழுந்து தொல்லை தரமாட்டா.

வெளிச்சம் பற்றிய பழக்கமும் அவரிடம் ஒன்றுண்டு. தலைக்கு மேலே விளக்கை வைத்து வேலை செய்யமாட்டார். சாளரத்துக்கும் தமக்கும் நடுவே பலகையை வைத்து, பலகையின் மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பார்ப்பார். சரிந்து வரும் வெளிச்சத்திலே ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் உண்டு. பசை சிந்தி உலர்ந்த இடமும் அப்படியே தெரியும். பசை உள்ள இடத்திலே மரம் நிறத்தை உறிஞ்சாது. வெளுத்த தேமல்போல நிற்கும். அதை முன்கூட்டிக் காண்பதற்கும் ஸ்பிரிட்டு நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தாற் போதும்.

இவ்வாறு எழுதுவது எளிது. மூன்று மாதம் இதையே செய்வது எளிதன்று. அந்தப் பொடியனுக்கு வயது பதினெட்டு. சாதாரண தரப் பரீட்சையில் அவன் விரும்பிய பெறுபேறு கிடைக்கவில்லை. தகப்பனார் தோட்டஞ்செய்பவர், வெங்காயம், புகையிலை. ஒருநாள் அவர் கல்லூரிக்கே வந்துவிட்டார். ஆசாரியாரிடம் நேரே பேசக் கூச்சப்பட்டு என்னிடம் முறையிட்டார்.

"பண்டிதர், பொடியனைக் கொண்டுவந்து விட்டு மூண்டு மாசமாகுது. தேய்க்கிறதைத் தவிர ஒண்டும் காட்டிக் குடுக்கேல்லை. கூலிக்கு ஆள் பிடிக்காமல் என்ரை பிள்ளையை வைச்சு வேலை வாங்கிறாரோ எண்டு யோசிக்கிறன்."

யான் அவரை விறாந்தைக்கு அழைத்துச் சென்றேன். ஆசாரியார் கேட்டுக்கொண்டு வாய் திறக்கவில்லை. ஒரு வேப்பம் பலகையை எடுத்தார். ஒரு பாதியை ஒவ்வோர் இலக்கமாகத் தேய்க்குமாறு பொடியனிடம் சொன்னார். மறுபாதியைத் தாமே 80 இல் தேய்த்து, உடனே 220 க்குத் தாண்டினார். முடிந்தபோது இரண்டு பாதிகளும் ஒன்றுபோலவே இருந்தன. தகப்பனார் தடவிப் பார்த்து வேறுபாடில்லை என்றார். அதன்பின் ஆசாரியார் ஸ்பிரிட்டிலே துணியை நனைத்து இரண்டின்மேலும் ஓர் இழுப்பு இழுத்தார். தாம் தேய்த்த பாதியிலே பூனை பிறாண்டியது போலக் கீறல்கள். பையன் தேய்த்த பாதியிலே ஒன்றுமில்லை.

தோட்டக்காரருக்குப் பலகையைப் படிக்கத் தெரிந்தது. மண் பண்படுத்தாமல் நட்ட பாத்தியைப் பார்த்த அநுபவம் அவருக்கு உண்டன்றோ? ஆயினும் அவர் அங்கே நின்றுவிடவில்லை. "சரி ஆசாரியார், பிழை தெரியுது. இதை முதல் நாளே பொடியனுக்குக் காட்டியிருக்கலாமே?" என்றார்.

அன்று வென்றவர் தகப்பனாரே என்பது என் முடிபு. நம்முடைய பழைய தொழிலாசிரியர் பலரிடம் இக்குறை உண்டு. செய் என்பர், ஏன் என்பதைச் சொல்லார். தாமும் அவ்வாறே பழகியவர் என்பதனால், அதுவே முறை என்று நம்புவர். காரணம் அறியாது செய்யும் பழக்கம், ஆசிரியர் முகம் மறைந்தவுடன் கழன்றுவிடும். நூற்பா மனப்பாடமாகியும் எடுத்துக்காட்டுக் காணாத மாணவன், தேர்வு முடிந்த மறுநாள் நூற்பாவையும் இழப்பதுபோல என்க. இக்காலத்திலே தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை முதலியன மரவேலை பழகுவோர்க்கு முறைப்படி பயிற்சியும் தகைமைச் சான்றிதழும் கிடைக்க வழிசெய்கின்றன. பயிற்சிக் காலத்துக்கு ஓர் எல்லையும், இன்ன காலத்துக்குள் இன்னது பழகவேண்டும் என்னும் ஒழுங்கும் இருப்பது நன்று. பட்டறையின் மூலையிலே ஆண்டுக்கணக்காகத் தேய்த்துக்கொண்டிருந்து, கடைசிவரை போத்தலைத் தொடாமற்போன பிள்ளைகளும் உண்டு. தகப்பனாரின் ஐயம் வெற்று ஐயம் அன்று.

அன்றுதொட்டு ஆசாரியாரிடத்தில் ஒரு மாற்றம் கண்டேன். எதைச் செய்யச் சொன்னாலும், செய்யாவிட்டால் என்னாகும் என்பதை ஒரு துண்டுப் பலகையிலே காட்டினார். அத்துண்டுகளே மாதிரிப் பலகைகள் ஆயின. இனி, என் கருத்திலே தொழில் பழகுவோன் கைவிடலாகாத பழக்கங்களுள் தலையாயது இதுவே. ஒரு மேசைக்கு மெருகிடப் போகின்றோமாயின், அம்மேசை செய்த அதே மரத்தின் கழிவுத் துண்டு ஒன்றை எடுத்து, தேய்த்தல் முதல் கடைசிப் பூச்சு வரை அத்தனையையும் முதலில் அதன்மேற் செய்து பார்க்கவேண்டும். வேறு மரத்துண்டு உதவாது. பலா வெட்டியபொழுது மஞ்சள். வெளிச்சம் பட்டுப் பட்டு ஆண்டு செல்லச் செல்லக் கபில நிறமாகும். தேக்கிலே இயல்பான எண்ணெய் உண்டு; சில வார்னிஷ்கள் அதன்மேல் உலரத் தாமதிக்கும். முதிரை தானே பட்டுப்போலப் பளபளக்கும். அதற்கு நிறமேற்றுவது, நிறைகுடத்துக்கு நீர் வார்ப்பது. ஒன்றுக்குச் செய்த முறை மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை.

துண்டுப் பலகையின் பின்புறத்திலே எழுதவும் வேண்டும். எந்த மரம், எந்த இலக்கம்வரை தேய்த்தது, எவ்வளவு அரக்கு, எத்தனை பூச்சு, என்ன திகதி, மழையா வெயிலா. பொடியன் எழுதச் சோம்பினான். பரீட்சை எழுதியது போதும் என்றிருப்பான். நன்னூற் பொதுப்பாயிரம் தலைமாணாக்கருக்கு அன்னத்தோடு பசுவையும் உவமை கூறும் இடத்தை அவனுக்கு நினைவூட்டினேன். கிடைத்த புல்லை வயிறார மேய்ந்துவிட்டு, ஓரிடத்திலே இருந்து மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடுவது பசு. பலகையின் பின்புறத்து எழுத்தே தொழிலாளியின் அசைபோடல். அவன் சிரித்தான்; ஆனால் எழுதத் தொடங்கினான். இப்பொழுது அவனிடம் நாற்பதுக்கு மேற்பட்ட பலகைகள் உள. வருபவர் நிறம் தெரிந்தெடுப்பதும் அவற்றைப் பார்த்தே.

அரக்கு என்றேன், அஃது யாதென்று அறியாதவர்க்காகச் சிறிது சொல்லுகின்றேன். பூவந்தி இனத்து மரங்கள், பலாசு, இலந்தை முதலியவற்றின் கொப்புகளிலே ஒருவகைச் சிறு பூச்சி கூட்டங்கூட்டமாக ஒட்டி வாழ்ந்து, தன்னைச் சுற்றிப் பிசின் போன்ற ஒரு பொருளைச் சுரந்து மூடிக்கொள்கின்றது. வட இந்தியாவிலே, சிறப்பாக ஜார்கண்ட் மாநிலத்திலே, இதனைப் பெருமளவில் எடுக்கின்றனர். கழுவி உருக்கிச் செதிள்களாக்கி வருவதே கடையில் நாம் வாங்கும் அரக்கு. கடிதங்களுக்கு முத்திரை இட்டதும் இதுகொண்டே. நம்முடைய நாட்டிலே மாத்தளைப் பகுதியின் ஹப்புவிடக் கிராமத்தார், நிறமேற்றிய அரக்கை இழையாக இழுத்து நகத்தினாலே மரப்பிடிகளிற் பதித்துக் கோலஞ்செய்வர். செதிள் அரக்கை ஸ்பிரிட்டிற் கரைத்துப் பஞ்சுப் பொதியாலே படலம் படலமாக ஏற்றும் முறையோ ஐரோப்பாவிலே 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவியது. அதனாலேதான் பட்டறையில் அதற்குப் 'பிரெஞ்சுப் பொலிஷ்' என்று பெயர்.

கரைக்கும் அளவு, ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு ஏறத்தாழ 240 கிராம் அரக்கு. பழகுவோன் இன்னும் நீர்மையாகக் கரைத்தாலும் குற்றமில்லை. தடிப்பாகக் கரைத்தலே குற்றம். கண்ணாடிப் போத்தலிலே கரைக்கவேண்டும். இரும்புத் தகரம் அரக்கைக் கறுக்கச் செய்யும். போத்தலின் மேல் திகதி ஒட்டவேண்டும். கரைத்த அரக்கு நாளடைவிலே மெல்ல மாற்றமடைந்து, எத்தனை நாள் வைத்தாலும் இறுகாத பசைத்தன்மையை அடைந்துவிடும். பழைய கரைசலில் ஐயமிருந்தால், ஒரு துளியைக் கண்ணாடித் துண்டிலே விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்த்தாற் தெரியும். வேண்டிய அளவை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி எடுத்து, எஞ்சியதை மீண்டும் போத்தலில் ஊற்றாமல் விடுவதும் ஒரு பழக்கம். கிண்ணத்திலே விழுந்த தூசி முழுப் போத்தலையும் கெடுக்குமல்லவா?

பொதி என்பது, பழந்துணிக்குள் பஞ்சை வைத்து, அடிப்புறத்திலே சுருக்கமின்றி முறுக்கிப் பிடித்தது. நூல் உதிராத, பலமுறை தோய்த்த பருத்தித்துணி வேண்டும். அரக்கைப் பஞ்சுக்குத்தான் ஊட்டவேண்டும்; துணியை நனைத்தலாகாது. பலகையின்மேல் அதை இறக்குவது, விமானம் தரையிறங்குவதுபோல ஓடிக்கொண்டே இறங்கவேண்டும், எடுப்பதும் அப்படியே. நடுவிலே ஒரு கணம் நின்றாலும், கரைந்த பழைய படலம் பொதியோடு பிய்ந்துவரும். வட்டமாகவும், 8 என்னும் இலக்கத்தின் வடிவாகவும், நேராகவும் கை ஓடும். பொதி இழுபடுகிறதென்று தோன்றும்போது ஆளிவிதை எண்ணெய் ஒரு துளி. ஒரு துளிதான், எண்ணெயால் வரும் பளபளப்புப் பொய்ப் பளபளப்பு, சில நாளிலே மங்கிவிடும். ஒவ்வோர் அமர்வுக்கும் இடையே ஒருநாள் விடுவது ஆசாரியாரின் வழக்கு. பொதியை மூடி இறுகிய போத்தலில் இட்டுவைத்தால் மறுநாளும் மென்மையாயிருக்கும்.

காற்றைப் பற்றியும் அவர் ஒரு பஞ்சாங்கம் வைத்திருந்தார். சோளகம் அடிக்கும் மாதங்களிலே புழுதி. தேய்க்குமிடத்துக்கும் மெருகிடுமிடத்துக்கும் நடுவே சுவரேனும் படங்கேனும் வேண்டும். மெருகிடுமுன் நிலத்திலே நீர் தெளித்துப் புழுதி அடங்கும்வரை பொறுக்கவேண்டும். வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையிலோ வேறு தொல்லை. ஸ்பிரிட்டு விரைந்து ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்புக் குளிரும். குளிர்ந்த பரப்பிலே காற்றின் ஈரம் படியும். படலத்துக்குள் அகப்பட்ட ஈரம் வெண்புகை படர்ந்ததுபோலத் தோன்றும். மழைநாளிலே அவசரப்படுத்தி வந்தவர்களிடம் ஆசாரியார் சண்டை பிடித்ததில்லை. மாதிரிப் பலகை ஒன்றிற் பூசி, வெளுத்ததைக் காட்டி அனுப்பிவிடுவார்.

இனி யான் சொல்லப்போவது எல்லாவற்றிலும் பாரியது. பாரதக்கதை அறிந்தவர்க்கு அரக்கு மாளிகை நினைவிருக்கும். பாண்டவரை எரித்துக் கொல்வதற்கு வாரணாவதத்திலே துரியோதனன் ஏவலாற் கட்டப்பட்டது. அரக்கு எரியும் என்பது அவ்வளவு பழைய செய்தி. அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட்டோ, நம் நாட்டு வெப்பத்திலே எந்நேரமும் பற்றத்தக்க ஆவியை விட்டுக்கொண்டிருப்பது. பட்டறையில் சுருட்டுப் பற்றவைக்கலாகாது, அடுப்பு அருகிருக்கலாகாது என்பவற்றை எல்லாரும் அறிவர். எல்லாரும் அறியாதது, தீக்குச்சியே இல்லாமற் பிடிக்கும் தீ.

ஆளிவிதை எண்ணெய் உலர்கின்றது என்கின்றோம். நீர் உலர்வதுபோல அஃது ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றுத் தானே இறுகுகின்றது. இறுகும்போது வெப்பத்தை விடுகின்றது. பலகையிலே மெல்லெனப் பூசிய எண்ணெயின் வெப்பம் காற்றோடு போய்விடும். அதே எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையிலே குவித்தாலோ, வெப்பம் போக வழியில்லை. சூடேறச் சூடேற எண்ணெய் இன்னும் விரைவாக ஒட்சிசனை ஏற்கும், இன்னும் சூடேறும். சில மணிநேரத்திலே, பட்டறையைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனபின்பு, துணி தானே பற்றும். நம்மவர் இதனை எளிதில் நம்பார். தேங்காயெண்ணெயோடு பிறந்து வளர்ந்தவர் நாம். அவ்வெண்ணெய் இவ்வாறு இறுகுவதன்று. அது பட்ட துணி அடுப்படியிலே ஆண்டுக்கணக்காய்க் கிடந்தாலும் ஒன்றும் செய்யாது. அந்த அநுபவமே இங்கே நம்மை ஏமாற்றிவிடும்.

1991 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆம் திகதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே, வன் மெரிடியன் பிளாசா என்னும் 38 மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. 22 ஆவது மாடியிலே சுவரின் மரப்பலகைகளுக்குப் புதிதாக எண்ணெய் மெருகிட்டவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே காரணம். அன்று சனிக்கிழமை, கட்டடத்தில் வேலை செய்வோர் பெரும்பாலும் இல்லை. தீ மாடி மாடியாக ஏறியது. தானே நீர் சொரியும் குழாய்கள் இருந்த 30 ஆவது மாடியிலேதான் அஃது அடங்கியது. தீயணைக்கச் சென்றவர் மூவர் இறந்தனர். பின்னர் அக்கட்டடம் இடித்து அகற்றப்பட்டது. ஒரு கைப்பிடித் துணி!

ஆதலால், துணியை ஒவ்வொன்றாக விரித்து, வெளியிலே, வேலியிலோ சீமெந்து நிலத்திலோ, அது விறைத்துத் தகடுபோல ஆகும்வரை காயவிடவேண்டும். அல்லது மூடியுள்ள தகரத்திலே நீர் நிரப்பி அதனுள் அமிழ்த்தவேண்டும். ஆசாரியார் பட்டறையில் மாலையிலே கடைசி வேலை இது. எத்தனை துணி எடுத்தோம், எத்தனை துணி காய்கின்றன என்று பொடியன் எண்ணிச் சொல்லவேண்டும். எண்ணிக்கை பொருந்தாமற் கதவு பூட்டப்படுவதில்லை. ஒருநாள் ஒரு துணி குறைந்தது. பேருந்துக்கு நேரமாயிற்று என்று பொடியன் முணுமுணுத்தான். "தம்பி, அவசரப்படாதையும். தேடிப்பாரும்," என்றார் ஆசாரியார். இழைப்புளியின் கீழே, சீவற்றுகள்களோடு கலந்து கிடந்தது.

நுரையீரலைப் பற்றி இரண்டு சொல். மரத்தூசியைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995 இலே மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. மூக்கினுட்குழியிலே வரும் நோய் அது. முதிரைத் தூசி தோலிலே பட்டால் சிலருக்குத் தினவும் கொப்புளமும் உண்டாகும். தூசிக்கு முகமூடி இப்பொழுது எங்கும் மலிவாகக் கிடைக்கின்றது. வாயிலே சால்வையைச் சுற்றிக்கொள்வது அதற்கு ஈடாகாது. இவ்விடயத்திலே ஆசாரியார் பொடியனுக்குப் போட்டார், தமக்குப் போடவில்லை. காட்டிக் கொடுக்கவேண்டியவர் இதனையும் காட்டியிருக்கலாம் என்பது என் மனத்தாங்கல். அவர் இருமும்போதெல்லாம் அது தோன்றும்.

விசிறிப் பூசும் புதிய வார்னிஷ்களை யான் இகழவில்லை. உணவு மேசைக்கு அரக்கு மெருகு ஏற்றதன்று. சூடான தேநீர்க் கோப்பையை வைத்தால் வெள்ளை வளையம் விழும், மதுசாரம் சிந்தினாற் கரையும். அங்கே இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் பொலியூரித்தேன் போன்றவை வலியன. ஆனால் அவற்றை விசிறும்போது எழும் ஆவி, சிலருக்கு வாழ்நாள் முழுதும் நீங்காத தொய்வை உண்டாக்க வல்லது. சாதாரணத் தூசி முகமூடி அதைத் தடுக்காது. தகுந்த காப்பு இல்லாத பட்டறையில் அவ்வேலையைப் பழகுபவனுக்குக் கொடுப்பது அறமன்று. அரக்குக்கு உள்ள சிறப்பு வேறு. பழுதுபட்டால், முழுவதையும் சுரண்டவேண்டுவதில்லை. புதிய பூச்சு பழைய பூச்சைச் சிறிது கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும்.

இச்சிறப்பை அறியாது, வீட்டிலுள்ள பழம்பொருள்களை இயந்திரத்தால் தேய்த்துப் பச்சை மரமாக்கிப் புதுப்பூச்சு விசிறுவது இப்பொழுது பெருகிவிட்டது. நூறாண்டு வெளிச்சம் தந்த நிறம் அரை நாளிலே தூசியாகப் போகின்றது. பொடியன் தனியே பொறுப்பேற்ற முதல் வேலை, அவன் பாட்டியாரின் பெட்டகம். தேய்த்துத் தரச்சொல்லி உறவினர் வற்புறுத்தினர். அவன் மூடியின் உட்புறத்திலே, ஒருவர் கண்ணும் படாத மூலையில், ஸ்பிரிட்டு நனைத்த துணியை வைத்து அரை நிமிடம் அழுத்தினான். துணியிலே கபிலநிறம் ஏறியது; பரப்பு ஒட்டிற்று. பழைய பூச்சு அரக்கென்பது அதனால் தெரிந்தது. எனவே அரத்தாளை எடுக்கவில்லை. அழுக்கை மட்டும் துடைத்து, நீர்மையான அரக்கை நான்கு பக்கங்களிலும் ஏற்றிவிட்டான். தகப்பனார் நாள்தோறும் தோட்டத்தால் வந்து அதைப் பார்த்துப் போகிறாராம்.

மூடி மட்டும் எஞ்சியிருந்தபொழுது வாடை தொடங்கிவிட்டது. மாதிரிப் பலகையிலே பூசிப் பார்த்தான், வெளுத்தது. பலகையின் பின்புறத்திலே திகதியை எழுதி, மூடியைப் பழைய போர்வையாற் போர்த்து வைத்திருக்கின்றான். தை பிறந்து நாலு வெயில் எறிக்கட்டும் என்கின்றான்.